அடுப்பு பிரியாத கம்பெனி

நான் ஒரு கம்பெனிக்கு டைரக்டராக இருந்தவன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். விசிட்டிங் கார்டு ஐந்நூறு அடித்தார்கள். நானூற்றுச் சொச்சம் இன்னும் பரண் மேல் கிடக்கிறது. அந்தப் பதவியை யாரும் என் திறமையைப் பார்த்துக் கொடுக்கவில்லை. பழி வந்தால் சுமக்க மலைக்குப் பக்கத்தில் ஒரு தலை வேண்டியிருந்தது. என் தலை சும்மா இருந்தது. அவ்வளவுதான். இது எனக்குப் புரிய இரண்டு வருஷமும் ஒரு ஊர்க்கூட்டமும் தேவைப்பட்டன.

பெரிய கம்பெனிக்குச் சென்னையில் கண்ணாடிக் கட்டடம். பாக்கெட் உணவு வியாபாரம். மலையடிவாரத்துச் செங்கத்தில் அதன் குடோனுக்கு நான் சூப்பர்வைசர். ஜவ்வாது மலையில் சாமை வாங்குவதற்காகப் பெரிய கம்பெனி ஒரு சின்ன கம்பெனியைத் தொடங்கியது. பங்கெல்லாம் பெரிய கம்பெனி கையில். ஆனால் பதிவில் அது வேறு, இது வேறு. ஒரே ஆள் எதற்கு இரண்டு பேரில் கடை வைக்கிறான் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. லாபம் வந்தால் மேலே ஏறிப் போகும், வம்பு வந்தால் கீழேயே நின்றுவிடும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. மேட்டுக்கு ஏறுகிற தண்ணீரை நான் அங்கேதான் பார்த்தேன்.

வித்யாதரன் என்று ஒரு சீனியர் மேனேஜர். பெரிய கம்பெனியில் சின்ன கம்பெனிகளை எல்லாம் மேய்க்கிறவர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"உன்னை மலை கம்பெனிக்கு டைரக்டரா போடறோம்."

"சம்பளம் சார்?"

"சம்பளம் அதேதான். மரியாதை கூடும்."

மரியாதை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மூளை நின்றுவிட்டது. (இப்போதும் சில நேரம் நிற்கும். என் மனைவி சுமதியைக் கேளுங்கள்.) ஒரு வாரம் பழைய பேப்பரில் புதுக் கையெழுத்துப் போட்டுப் பழகினேன். கண்ணமங்கலத்தில் என் மைத்துனன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் வைத்தான். அதில் பிள்ளையார் சின்னதாக ஓரத்தில். நான் நடுவில், கையைக் கட்டிக்கொண்டு, உலகத்தையே வாங்கப் போகிறவன் மாதிரி.

அந்தக் கையெழுத்தின் முதல் வேலை ஒரு ஒப்பந்தம். சாமையில் உமி எடுப்பது லேசான காரியமில்லை. ஒரு வேளைச் சோற்றுக்கு அரை நாள் உரலில் குத்த வேண்டும். இல்லாவிட்டால் மூட்டையைப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு செங்கத்துக்கு இறங்க வேண்டும், அந்த நாள் போச்சு. நாங்கள் மலை ஊருக்கு உமி எடுக்கும் மெஷின் கொண்டுபோனோம். ஊர் நிலம் கொடுத்தது. கடைசி வளைவில் லாரி திரும்பவில்லை. இருபது பேர் மரக்கட்டையைக் குறுக்கே போட்டு மெஷினைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். ஒருவருக்குத் தோள் இறங்கியே போயிற்று. அதற்குப் பதிலாக நாங்கள் எழுதிக் கொடுத்தது: பத்து வருஷம் மெஷின் மலையை விட்டு இறங்காது. ஊர்ச் சாமையை எங்களுக்கே விற்க வேண்டும். அடியில் என் கையெழுத்து, பழகின கையெழுத்து, வாலை நீட்டிக்கொண்டு.

இரண்டே வருஷம். வித்யாதரன் போன் செய்தார். கணியம்பாடி பக்கம் பெரிய கம்பெனிக்கு இன்னொரு சின்ன கம்பெனி இருக்கிறதாம். அங்கே ஆர்டர் அதிகமாம். மெஷினை அங்கே இறக்கிவிட்டு, மலை கம்பெனியை மூடிவிடலாமாம். நான் ஒரு தீர்மானத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஊர்க்காரங்க தகராறு பண்ணுவாங்களா?" என்று கேட்டார்.

அப்போது நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே மிளகாய்ப் பொடி போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"என் பேச்சைத் தட்ட மாட்டாங்க சார். ஊர்க்கூட்டம் போட்டுப் பத்து நிமிஷத்துல முடிச்சுத் தரேன்."

தோள் இறங்கின மனுஷனை நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. கணியம்பாடி கம்பெனிக்கும் என்னையே டைரக்டராகப் போடுவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. இரண்டு கம்பெனி டைரக்டர்! இன்னொரு ஐந்நூறு கார்டு!

ஞாயிற்றுக்கிழமை காலை வித்யாதரன் காரில் வந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு இடத்தில் காரை நிறுத்தி வாந்தி எடுத்ததில் ஆள் வெளுத்துப்போயிருந்தார். அந்த நிலையிலும் ஒரு பையை மறக்காமல் நீட்டினார். உள்ளே நீல நிற டி-சர்ட். நெஞ்சில் பெரிய கம்பெனி பேர். முதுகில் கொட்டை எழுத்தில் 'நாம் ஒரே குடும்பம்'.

"குரூப் முழுக்க இப்ப இதான் போடணும். மாத்திக்கோ."

மாற்றிக்கொண்டேன். கழுத்தில் அடையாள அட்டை வேறு. பொங்கல் மாடு மாதிரி போய் நின்றேன்.

கூட்டம் மெஷின் ஷெட்டிலேயே. அந்த ஊரில் கூட்டம் என்றால் வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் வருவார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். நாற்காலி கிடையாது. வித்யாதரனுக்கு முட்டி வலி. பக்கத்தில் இருந்த மூட்டை மேல் உட்காரப் போனார்.

"சாமை மேல உக்காரக் கூடாதுங்க" என்று நாலு பக்கமும் குரல் வந்தது. எழுந்தார். தரையில் உட்கார்ந்தபோது முட்டி சொடுக்கின சத்தம் எனக்கே கேட்டது.

கூட்டத்துக்குத் தலைமை ஊர்க் கவுண்டர் சாமிக்கண்ணு. ஊர்க் கவுண்டர் என்றதும் வெள்ளை மீசையைக் கற்பனை பண்ணாதீர்கள். இவருக்கு என் வயசு, மினி வேன் ஓட்டுகிறவர், பேசும்போதும் ஒரு கை செல்போனில் இருக்கும். அவருக்குப் பக்கத்தில் மல்லிகா. எங்கள் மெஷினை ஓட்டுகிறவள். பெல்ட் தேய்வதைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பாள். மனுஷன் பொய்யையும் அப்படித்தான்.

வித்யாதரன் ஆரம்பித்தார். "உங்ககூட ஒப்பந்தம் போட்டது மலை கம்பெனி. நாங்க அது இல்ல. சட்டப்படி அது வேற ஆள், நாங்க வேற ஆள். அந்தக் கம்பெனி நஷ்டத்துல மூடப் போகுது. அது குடுத்த வாக்குக்கு நாங்க பொறுப்பில்ல. முடிவெடுக்கிறது இதோ, இந்த டைரக்டர்."

நான் தலையை ஆட்டினேன். பெருமையாகத்தான் ஆட்டினேன்.

சாமிக்கண்ணு செல்போனை மடியில் வைத்தார். "அப்போ தனிக் குடித்தனம்ன்றீங்க."

"கரெக்ட். அதேதான்."

"சரிங்க. அப்ப எங்க வழக்கப்படி பாத்துருவோம்."

வழக்கம் இதுதான். ஒரு வீட்டு மகன் வேறொருத்தனிடம் ஏர் மாட்டை வாங்கி ஓட்டி, அதை முடமாக்கிவிடுகிறான் என்று வையுங்கள். ஊர் அப்பனைக் கேட்டால், 'அவன் தனிக் குடித்தனம், எனக்குச் சம்பந்தமில்லை' என்று கை கழுவப் பார்ப்பான். ஊர் அந்த வாய் வார்த்தையை எடுத்துக்கொள்ளாது. அடுப்பு பிரிந்திருக்கிறதா என்று பார்க்கும். மகன் வீட்டில் தனியாக உலை கொதிக்க வேண்டும். விதைச் சாமை அவன் பானையில் இருக்க வேண்டும். வெள்ளாமை அவன் குதிருக்குப் போக வேண்டும். இதெல்லாம் அப்பன் வீட்டிலேயே நடந்தால் அது தனிக் குடித்தனம் இல்லை, தப்பிக்கப் போட்ட வேஷம். அப்பன்தான் மாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வித்யாதரனுக்கு இது ஏதோ கிராமத்துக் கதை என்று தோன்றியது. "இன்ட்ரஸ்டிங்" என்றார்.

"மெஷின் ஓட்டுறவ கேக்கட்டும்" என்றார் சாமிக்கண்ணு.

மல்லிகா என் பக்கம் திரும்பினாள். "டைரக்டரே, போன வருஷம் இந்த ஷெட்டுல ட்யூப்லைட் போச்சே. நீங்க இன்னா பண்ணீங்க?"

"மெயில் போட்டேன்."

"யாருக்கு?"

"மேல."

"ஏன், செங்கத்துல ட்யூப்லைட் விக்கல?"

"விக்குது. ஆனா லிஸ்ட்ல இருக்கிற கடையிலதான் வாங்கணும். லிஸ்ட்ல செங்கம் இல்ல."

"லைட்டு எப்ப வந்துச்சு?"

"எட்டு மாசம் கழிச்சு."

"எரிஞ்சுதா?"

"...நீளம் பத்தல."

ஷெட் கொஞ்சம் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிற குலுக்கல். மல்லிகா சிரிக்கவில்லை. "அந்த எட்டு மாசம் எங்க வூட்டு பல்பைக் கழட்டி இங்க மாட்டி ஓட்டுனேன். எங்க மாமியா இருட்டுல உக்காந்து என்னைத் திட்டுச்சு. சரி, கம்பெனி சீலு எங்க?"

"சென்னையில."

"இங்க வாங்குற சாமை எங்க போவுது?"

"சென்னைக்கு."

"வெளியில போர்டுல யாரு பேரு?"

"பெரிய கம்பெனி பேரு. நம்ம பேரு எழுத... அப்ரூவல் வரல."

"நீங்களா எப்பனா ஒரு முடிவு எடுத்துருக்கீங்களா? ஒண்ணே ஒண்ணு?"

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். மானத்தைக் காப்பாற்ற ஒன்றாவது அகப்படாதா என்று இரண்டு வருஷத்தையும் துழாவினேன். ஒன்று அகப்பட்டது. "டீ குடிக்க பேப்பர் கப்பு வேணாம், எவர்சில்வர் டம்ளர் வாங்கலாம்னு முடிவு பண்ணேன்."

"அப்புறம்?"

"மெமோ வந்துச்சு."

இந்த முறை யாரும் அடக்கவில்லை. பின்னால் ஒருவர் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வித்யாதரன், "இதெல்லாம் சம்பந்தமில்லாத கேள்வி" என்றார். யாருக்கும் காதில் விழவில்லை.

சாமிக்கண்ணு விடவில்லை. "இன்னாப்பா, அந்தச் செல்லு யாருது?"

"கம்பெனிது. பெரிய கம்பெனிது."

"வாசல்ல நிக்கிற உன் வண்டி?"

"அவங்களுதுதான்."

"கழுத்துல தொங்குற அட்டை?"

"அவங்களுது."

"சட்டை?"

"இன்னிக்குக் காலையிலதான் குடுத்தாங்க."

"யோவ், உன்னுதுன்னு இன்னாதான்யா இருக்கு?"

நான் கீழே குனிந்து என்னையே ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். வாயில் உண்மைதான் வந்தது.

"பனியன்."

ஊர் சிரித்தது பாருங்கள். வெளியே போனவர்கள் மெஷின்தான் ஓடுகிறதோ என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அது எனக்கு வலிக்கவில்லை. வாங்க வேண்டிய சிரிப்புதான், வாங்கிக்கொண்டேன். ஆனால் வித்யாதரனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் முதுகில், அந்த 'ஒரே குடும்பம்' மேலேயே தட்டினார். தீர்மானக் காகிதத்தை என் மடியில் போட்டார். "போதும்பா காமெடி. கையெழுத்தைப் போடு, கிளம்பலாம்."

என்னை டைரக்டர் ஆக்கினவர், நான் டைரக்டர் என்பதை நினைத்துச் சிரிக்கிறார். எனக்கு அங்கேதான் கோபம் ஏறியது.

எழுந்து நின்றேன். அட்டையைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன். செல்லை வைத்தேன். வண்டிச் சாவியை வைத்தேன். டி-சர்ட்டைக் கழற்றி அதன் மேல் போட்டேன். போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது, இடது அக்குளில் பனியன் ஓட்டை. ஓட்டை என்றால் சின்ன ஓட்டை இல்லை, ஒரு எலி குடும்பத்தோடு போய்வரலாம். (சுமதி அதைக் கரித்துணி ஆக்க எடுத்துவைத்திருந்தாள். நான்தான் அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தேன்.) திரும்ப சட்டையை எடுத்தால் மானம் போய்விடும். எடுக்காவிட்டாலும் போய்விடும். எடுக்கவில்லை.

"சார், நான் டைரக்டரா, இல்லையா?"

"இன்னாப்பா இது, உக்காரு."

"ஊருக்கு முன்னாடி சொல்லுங்க. நான் டைரக்டரா, இல்லையா?"

"...டைரக்டர்தான்."

"இது தனிக் கம்பெனியா?"

"தனிக் கம்பெனிதான். எத்தனை தடவை சொல்றது?"

"அப்போ டைரக்டர் சொல்றேன். மெஷின் இங்கேயே இருக்கும். பத்து வருஷம்."

"அதெப்படி? மேல கேக்காம நீ எப்படி..."

அவர் முடிக்கவில்லை. மல்லிகா எழுந்துவிட்டாள்.

"சார், ஒரு நிமிசம். தனிக் கம்பெனின்னா இவுரு சொல்றதுதான் முடிவு. மேல கேக்கணும்னா அடுப்பு ஒண்ணுதான், அப்ப இவுரு போட்ட கையெழுத்து நீங்க போட்டதுதான். இப்பச் சொல்லுங்க, தனியா? ஒண்ணா? எப்படி இருந்தாலும் மெஷின் இறங்காது. எதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

இந்தப் பக்கம் போனாலும் பள்ளம், அந்தப் பக்கம் போனாலும் பள்ளம் என்பது வித்யாதரன் முகத்தில் மெதுவாக எழுதப்படுவதை நான் முதல் வரிசையில், பனியனோடு நின்று பார்த்தேன். "லீகல்ல கேட்டுச் சொல்றேன்" என்று செல்லை எடுத்தார். ஷெட்டுக்குள் டவர் கிடையாது. வளைவு வரை நடந்து போனார், கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே. திரும்பி வந்து, "அவங்களும் பாத்துட்டுச் சொல்றேன்னாங்க" என்றார். நாலு வருஷம் ஆகிறது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் வருகிறதுக்குள் நான் எழுதிவிட்டேன். லெட்டர்ஹெட் சென்னையில் இருந்ததால் அந்தத் தீர்மானக் காகிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதினேன்: 'டைரக்டர் ஆகிய நான், ஒப்பந்தப்படி மெஷின் இந்த ஊரிலேயே இருக்கும் என்றும், கம்பெனியை மூடினால் பத்து வருஷம் முடியும்வரை ஊர்ப் பெண்கள் குழுவே ஓட்டும் என்றும் உறுதி சொல்கிறேன்.' கையெழுத்து போட்டேன். முதல் தடவையாக அது என் கையெழுத்து மாதிரி இருந்தது, ஓரமெல்லாம் கோணலாக. சாமிக்கண்ணு அதைப் போட்டோ எடுத்தார். என்னையும் சேர்த்துத்தான், ஓட்டை தெரிய. தரையில் கிடந்த டி-சர்ட்டின் முதுகையும் தனியாக ஒரு போட்டோ.

கோபத்தில் செய்கிற காரியத்தை அளவோடு செய்யத் தெரியாதவன் நான். வண்டிச் சாவியையும் கொடுத்துவிட்டதால் பஸ்ஸில்தான் இறங்க வேண்டும். மல்லிகா தன் வீட்டுக்காரர் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கியிருக்கலாம். "வேணாம்மா" என்று பெரிய தியாகி மாதிரி சொல்லிவிட்டு, பட்டப்பகலில் பனியனோடு பஸ் ஏறினேன்.

கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார். "சட்டை எங்க சார்?"

"ராஜினாமா பண்ணிட்டேன்."

பக்கத்து சீட்டில் இருந்தவர் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்.

செங்கத்தில் நான் வீட்டுக் கதவைத் தட்டும்போது போட்டோ எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. மலையில் யாரோ யாருக்கோ அனுப்பி, கண்ணமங்கலம் மைத்துனன் வரை போய், அவன் சுமதிக்கு அனுப்பியிருந்தான். சுமதி கதவைத் திறந்து செல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வேலை போச்சா?"

"போச்சு."

"மெஷினு?"

"அங்கேயே இருக்கு."

"சரி, கை கால் கழுவிட்டு வாங்க. சோறு வைக்கிறேன்." இரண்டு அடி போனவள் திரும்பினாள். "ஊரே போட்டோ எடுக்குற அன்னிக்கா இந்தப் பனியன்?"

அப்புறம் நடந்தது சுருக்கம்தான். என்னை டைரக்டர் பதவியிலிருந்து நீக்கி ஒரு கடிதம் வந்தது, என்னைப் போட்டபோது வந்ததைவிட மரியாதையான கடிதம். ஊருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. திருவண்ணாமலையில் ஒரு வக்கீல் அம்மா மல்லிகா கேட்ட அதே கேள்வியை நல்ல தமிழில் எழுதி, என் காகிதத்தையும் டி-சர்ட் முதுகுப் போட்டோவையும் இணைத்து அனுப்பினார். தனியா, ஒன்றா? அதற்குப் பதில் வரவில்லை. தனி என்று எழுதினால் மெஷின் போகும், ஒன்று என்று எழுதினால் அவர்களுடைய மற்ற சின்ன கம்பெனிகளின் வம்பெல்லாம் மேலே ஏறிவரும். சும்மா இருப்பதுதான் லாபம் என்று இருந்துவிட்டார்கள்.

நான் செங்கத்தில் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மாசத்துக்கு ஒரு நாள் மலைக்குப் போய் மல்லிகாவிடம் பெல்ட் சரியாகப் போடத் தெரியவில்லை என்று திட்டு வாங்கிவிட்டு வருகிறேன். அந்த ஊரில் எனக்குப் பேர் 'பனியன் டைரக்டர்'. சின்னதிலிருந்து பெரிசு வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வருத்தமா என்று கேட்கிறார்கள். கிடையாது. வேலை போனது போகட்டும். அந்தக் கையெழுத்தை நான் ஒருத்தனையும் கேட்காமல் போட்டேன்.

போன மாசம் ஒரு போன் வந்தது. நான் கை முழுக்கக் கிரீஸோடு இருந்ததால் சுமதி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். தேன் பாட்டில் போடுகிற யாரோ பெரிய கம்பெனியாம். மலையில் ஒரு சின்ன கம்பெனி தொடங்கப் போகிறார்களாம். உள்ளூர் ஆள் ஒருத்தர் டைரக்டராக வேண்டுமாம், என் பேரை யாரோ சொன்னார்களாம். சம்பளம் பற்றி அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை, மரியாதை பற்றி நிறையச் சொன்னான். நான் வாயைத் திறப்பதற்குள் சுமதி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"டைரக்டர் இருக்காருங்க. பனியனைத் தோச்சுக் கொடியில போட்டுருக்கேன். காஞ்சதும் சொல்லி அனுப்புறேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.